ஓசெல்லா பிரிம் வாசிப்பை நிறுத்திய நான்கு இடங்கள்

ஓசெல்லா பிரிம் வாழ்நாளில் செய்தது ஒரே ஒரு இசைத்தட்டு. இரண்டு நிமிடம் பதினோரு நொடி ஓடும் அந்தப் பாட்டில் நான்கு இடங்களில் எல்லாமே திடீரென்று நின்றுபோகும். கிதார், டிரம்ஸ், குரல், எல்லாம். ஒரு மூச்சு நேரம். மூன்றாவது இடத்தில் மட்டும் ஒன்றரை மூச்சு. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓட ஆரம்பிக்கும். பின்னால் வந்த எத்தனையோ ராக் அண்ட் ரோல்காரர்கள் அதே நான்கு இடங்களில் நிறுத்தினார்கள். ஏன் நிறுத்துகிறோம் என்று தெரியாமலே நிறுத்தினார்கள். தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

காரணம் மிகவும் எளிது. மெம்பிஸ் ஸ்டுடியோவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் நான்கு முறை காலைப் பின்னினார்.

ஆர்கன்சா மாநிலத்தில், பருத்திக்காட்டுக்கு நடுவே டாலிவர் என்ற ஊர். அதில் விடிவெள்ளி பரிசுத்த சபை. ஓசெல்லா பத்தொன்பது வயதிலிருந்து அங்கே பிரசங்க மேடைக்கு வலப்பக்கம் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து கிதார் வாசித்துவந்தாள். விடிவெள்ளிக்காரர்கள் ஆவியில் களிகூர்ந்து ஆடுவார்கள். மணிக்கணக்கில் ஆடுவார்கள். ஆடிய பெண்களைத் தூக்கிக்கொண்டுபோய் விசிறவேண்டி வரும். ஆனால் அவர்கள் நடனம் ஆடுவதில்லை. நடனம் பாவம். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று யாராவது கேட்டால் மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லும்: கால் பின்னக்கூடாது. பாதங்களைத் தரையோடு தேய்த்து, வட்டமாக, எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம். அது தேவனுக்கு மகிமை. ஒரு காலுக்குக் குறுக்கே இன்னொரு கால் போய்விட்டால் அது நடனம், உலகத்தாருடைய காரியம். பரலோகத்துக்கும் நரகத்துக்கும் இடையில் இருந்தது இவ்வளவுதான், ஒரு கணுக்கால்.

ஓசெல்லாவின் கணவன் லெவி பாப்டிஸ்ட். பாப்டிஸ்டுகள் ஆடவே கூடாது. ஆகவே அவர்களுக்குக் காலைப் பற்றி எந்த விதியும் இல்லை. அவன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் ஓசெல்லா வேறு பக்கம் பார்ப்பாள்.

நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு ஒரு பொறுப்பு இருந்தது. ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். யாருக்காவது கால் பின்னுவதுபோலத் தெரிந்தால் சட்டென்று கையை நிறுத்திவிட வேண்டும். இசை நின்றால் கால் நிற்கும். கால் நின்றால் ஆத்துமா பிழைக்கும். ஓசெல்லா இதில் கெட்டிக்காரி. முகங்களை அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஊரில் யாரையாவது பார்த்தால் முதலில் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் சொல்வாள்.

1955-இல் டெல்மர் ஹாகின்ஸ் என்ற மெம்பிஸ்காரரின் கார் டயர், ஞாயிறு காலை சபைக்கு எதிரே வெடித்தது. இசைத்தட்டு போடும் சிறு கம்பெனி ஒன்று வைத்திருந்தவர். டயரை மாற்றி முடிப்பதற்குள் உள்ளே காணிக்கை நடை தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து, நடந்து, முன்னால் உள்ள மேசையில் காணிக்கை போட்டுவிட்டுத் திரும்புவார்கள். ஓசெல்லா அதற்கு வாசிக்கும் தாளத்தில் நொண்டிகள்கூடத் துள்ளினார்கள். ஹாகின்ஸ் கையில் ஜாக்கிக் கம்பியோடு ஜன்னலண்டை நின்றுவிட்டார்.

"இதை அப்படியே தட்டுல பிடிக்கலாமா? கர்த்தருக்கு மகிமைதானே, உலகமெல்லாம் கேக்கும்" என்றார்.

உலகமெல்லாம் கேட்பது நல்லதுதானே என்று ஓசெல்லாவுக்குத் தோன்றியது. அடுத்த புதன்கிழமை சலவைக்கடையில் லீவு சொல்லிவிட்டு மெம்பிஸ் போனாள். ஸ்டுடியோவுக்குள் பின்வாசல் வழியாகப் போனாள். மெம்பிஸில் அவளைப் போன்ற கறுப்பர்களுக்கு முன்வாசல் என்று ஒன்று இருந்ததில்லை.

உள்ளே ஒரு டிரம்ஸ்காரரும் பெரிய ஃபிடில் வாசிப்பவரும் காத்திருந்தார்கள். ஹாகின்ஸ் பாட்டுக்கு வார்த்தை கேட்டார். காணிக்கை நடைக்கு ஏது வார்த்தை? சபை உதவிக்காரர் வரிசையை ஒழுங்குபண்ணச் சொல்வதுதான். அதையே பாடினாள்: கடைசி பெஞ்சு முதல்ல வா, தள்ளாம வா, மெல்ல வா, போனவங்க இடதுபக்கம் திரும்பு. இவ்வளவுதான் பாட்டு.

அவள் வாசிக்கத் தொடங்கியதும் ஹாகின்ஸால் சும்மா இருக்க முடியவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக ஷூ போட்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குதிக்க ஆரம்பித்தார். வலது கால் இடது காலுக்குக் குறுக்கே போனது. ஓசெல்லாவின் கை தானாக நின்றது. மற்ற இருவரும் திடுக்கிட்டு நிறுத்தினார்கள். ஹாகின்ஸும் திடுக்கிட்டு நின்றார், கால் பிரிந்தது, ஓசெல்லா தொடர்ந்தாள். இப்படி நான்கு முறை. மூன்றாவது முறை அவர் சுவரில் சாய்ந்து கணுக்காலைப் பின்னிக்கொண்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அதனால்தான் அந்த ஒன்றரை மூச்சு.

முடிந்ததும் அவர் கண்ணில் தண்ணீர்.

"அந்த நிறுத்தம்! எங்கேம்மா பிடிச்சே அதை? இன்னொரு தடவை அதே இடத்துல நிறுத்த முடியுமா?"

"நீங்க அதே இடத்துல காலைப் பின்னினா முடியும் மிஸ்டர் டெல்மர்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கலைஞர்களுக்கு இப்படி வேடிக்கையாகப் பேச வரும் என்று அவருக்குத் தெரியும்.

தட்டு வெளிவந்து மூன்றே வாரத்தில் அதை எல்லா ரேடியோவிலும் போட்டார்கள். 'கடைசி பெஞ்சு முதல்ல வா' என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு புரட்சியாக எடுத்துக்கொண்டார்கள். ஹாகின்ஸ் அவளை மூன்று ஊர்களுக்கு வாசிக்க அழைத்துப்போனார். நடன மண்டபம் என்று தெரிந்தும் ஓசெல்லா போனாள். கால்களைத்தான் நான் பார்த்துக்கொள்கிறேனே என்ற தைரியம்.

முதல் ஊரில் அறுநூறு கால்கள். எட்டுத் தாளத்துக்கு ஒருமுறை நிறுத்தவேண்டி வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஜனம் கூரை பறக்கக் கத்தியது. இரண்டாவது ஊரில் கொஞ்சம் விவரமானவர்கள். காலைப் பின்னினால் இவள் நிறுத்துகிறாள் என்று பாதியிலேயே கண்டுகொண்டார்கள். இசை தொடரவேண்டும் என்பதற்காக ஜாக்கிரதையாக ஆட ஆரம்பித்தார்கள். மூன்றாவது ஊரில் செய்தி முன்பே போய்விட்டது. முந்நூறு பேர், வியர்வையும் விஸ்கியுமாக, பாதத்தைத் தரையோடு தேய்த்துக்கொண்டு வட்டமாக நகர்ந்தார்கள். ஒருவர் காலும் பின்னவில்லை. ஓசெல்லா ஒருமுறைகூட நிறுத்தாமல் வாசித்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மண்டபக்காரர் மட்டும் ஹாகின்ஸைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"என்னய்யா இது? கடையைச் சர்ச்சா ஆக்கிட்டா. ஒருத்தனும் ஜோடி சேரலை, ஒருத்தனும் சண்டை போடலை. ரெண்டு பேரு முழங்கால் போட்டுட்டாங்க. இனிமே இந்தம்மாவைக் கூட்டிட்டு வராதே."

இப்படியாக ஓசெல்லாவின் ராக் அண்ட் ரோல் வாழ்க்கை ஐந்து வாரத்தில் முடிந்தது. நடன மண்டபத்தைச் சபையாக்கியதற்காக மண்டபக்காரர்கள் அவளைக் கைவிட்ட அதே வாரம், சபையை நடன மண்டபமாக்கியதற்காக விடிவெள்ளிக்காரர்கள் அவளை விசாரித்தார்கள்.

மூப்பர் ஹோசியா கிரம்ப்லர் சபையின் போதகர். உயரமான, நியாயமான மனிதர். அதுதான் அவரிடம் கஷ்டம். அவர் கத்தவில்லை. "சிஸ்டர் ஓசெல்லா, நம்ம காணிக்கை நடையை உலகத்தான் ஆடுறதுக்குக் குடுத்துட்டே. உட்கார வைக்கிறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை" என்றார்.

உட்காரவைப்பது என்றால் கடைசி பெஞ்சில். பாவம் செய்தவர் அங்கே உட்காரவேண்டும்; சபையில் பாடக்கூடாது, வாசிக்கக்கூடாது, சாட்சி சொல்லக்கூடாது. ஒருநாள் எழுந்து எல்லோர் முன்னும் தப்புப் பண்ணிவிட்டேன், மன்னியுங்கள் என்று சொன்னால் அன்றைக்கே எல்லாம் திரும்பக் கிடைக்கும். சாதாரணமாக இரண்டு வாரம். குடித்தவர்கள் மூன்று வாரம் எடுத்துக்கொள்வதுண்டு.

ஓசெல்லா பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா" என்பார் மூப்பர், வருடத்துக்கு இரண்டு முறை. "நாற்காலி அங்கேயேதான் இருக்கு."

"யாரு கால் பின்னினப்ப நான் வாசிச்சேன், மூப்பரே? அந்தக் காலைக் காட்டுங்க, சொல்லிடறேன்."

"உலகத்துல எத்தனை கால்? நான் எப்படிக் காட்டுவேன்?"

"அப்ப நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவளுக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. வாயால் ஜெபிக்க அவளுக்கு ஒருபோதும் வந்ததில்லை. இரண்டு வாக்கியத்துக்குமேல் போனால் மளிகைச் சாமான் ஞாபகம் வந்துவிடும். கையால்தான் வரும். வீட்டுச் சமையலறையில் வாசித்துப் பார்த்தாள். அங்கே ஆடுவதற்கு லெவியைத் தவிர ஆளில்லை, அவனோ பாப்டிஸ்ட். அந்தப் பக்கத்தில் இருபது சபைகளாவது இருந்தன, எல்லாவற்றிலும் அவளுக்குக் கிதார் கொடுத்திருப்பார்கள். "வேற சபைக்குப் போயேன்" என்று லெவியும் சொல்லிப் பார்த்தான்.

"என் நாற்காலி இங்கேதானே இருக்கு" என்றாள்.

தண்டனையில் ஒரு சிக்கல் இருந்ததை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. காணிக்கை நடையில் கடைசி பெஞ்சுதான் முதலில் எழும். கடைசி பெஞ்சில் ஓசெல்லா மட்டும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் சபையின் ஒரே பாவி முன்னே நடக்க, பரிசுத்தவான்கள் எல்லோரும் அவள் பின்னால் நடந்தார்கள். கிதாரில் இப்போது மூப்பரின் தங்கை மகன். கையில் தாளம் இல்லாதவன். ஓசெல்லாவின் குதிகாலில் தாளம் இருந்தது. இரண்டாவது மாதத்திலேயே சபை முழுவதும் கிதாரை விட்டுவிட்டு அவள் ஷூவைப் பின்பற்றியது. மூப்பர் அவளைத் துணிச்செருப்பு போட்டுக்கொண்டு வரச்சொன்னார். போட்டுக்கொண்டு வந்தாள். ஜனம் அவள் தோளைப் பார்த்து நடந்தது. தோளைப் பற்றி வேதத்தில் எதுவும் தேடிக் கிடைக்காததால் மூப்பர் விட்டுவிட்டார்.

இதற்கிடையே அவள் புகழ் அவளுக்குத் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தது. 1964-இல் ஓர் இளம் ஆங்கிலேயர் சலவைக்கடைக்கே வந்தார். கடல் தாண்டி அவருடைய ஊரில் பதினேழு குழுக்கள் அவள் பாட்டை வாசிக்கின்றனவாம். ஓசெல்லா நீராவி இஸ்திரி மெஷினின் மிதியில் கால் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள். மிதியை விட்டால் சட்டை கசங்கும்.

"அந்த நாலு நிறுத்தத்துக்கும் என்னங்க அர்த்தம்?"

"அந்த ஆளு காலைப் பின்னிட்டான்."

ஆங்கிலேயர் எழுதிக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஆளுன்னு நீங்க சொல்றது... அதிகாரத்தையா?" என்றார்.

"டெல்மர் ஹாகின்ஸை. கறுப்பு வெள்ளை ஷூ."

"கறுப்பு, வெள்ளை" என்று முணுமுணுத்தபடி அவர் அடிக்கோடு போட்டார். பிறகு அவர் எழுதிய கட்டுரை முப்பது பக்கம். முதல் நிறுத்தம் ரயில் பாதை, இரண்டாவது அடிமைச் சந்தை, மூன்றாவது மௌனம், நான்காவது இன்னும் ஆராயப்பட வேண்டியது. ஓசெல்லாவின் பதிலை அடிக்குறிப்பில், ஆழ்ந்த உருவகம் என்று சொல்லிச் சேர்த்திருந்தார். லெவி அதைப் படித்துக் காட்டினான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காலைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே" என்றாள்.

1967 செப்டம்பரில் மூப்பரின் தங்கை மகன் சிகாகோவுக்கு ஓடிப்போனான். ஏதோ கிளப்பில் கிதார் வாசிக்கப் போனான். வாசித்த பாட்டு எது என்று தெரிந்த அன்று மூப்பர் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு பேராயர் வருகிறார், இசைப் பிரியர், காணிக்கை நடையைக் காணவே வருகிறேன் என்று எழுதியிருந்தார். நாற்காலி காலி. கடைசி பெஞ்சில் ஓசெல்லா.

மூப்பர் அவளிடம் வந்தார். அவள் மறுபடியும் காலைக் காட்டச் சொன்னாள். இப்படியே இரண்டு பேரும் நிற்க, முன் பெஞ்சிலிருந்து சபைத் தாய் லுடீஷா தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். எண்பத்தோரு வயது. சபையில் மூப்பரை 'பையா' என்று கூப்பிட அவளுக்கு மட்டும்தான் உரிமை.

"பையா, பன்னெண்டு வருஷமா ரெண்டு பேரும் ஒரே பேச்சைப் பேசிட்டிருக்கீங்க. அந்தத் தட்டைப் போட்டுப் பாத்துட்டா என்ன?"

"சபைக்குள்ளயா, மதர்?"

"வேற எங்க? நம்ம ஜனத்தை நிக்க வை. தரையில மாவைத் தூவு. பாட்டு முடிஞ்சதும் தடத்தைப் பாரு. கால் பின்னியிருந்தா மாவு சொல்லும். பின்னலைன்னா பாட்டு சுத்தம். நல்ல மாவை வீணாக்காதீங்க, என் வீட்டுல வண்டு விழுந்தது ஒரு மூட்டை இருக்கு."

மூப்பர் நெடுநேரம் யோசித்தார். நியாயமான மனிதர் என்று சொன்னேன் அல்லவா. "சரி. பெஞ்சுக்கு ஒருத்தர். ஒரு தடம்கூடப் பின்னலைன்னா நானே எழுந்து நின்னு தப்புப் பண்ணினது நான்னு சொல்றேன். ஒண்ணு பின்னியிருந்தாலும், சிஸ்டர், நீ சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் ஓசெல்லா. அவளுக்குக் கொஞ்சமும் பயமில்லை.

சனிக்கிழமை காலை பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்தினார்கள். சபைத் தாய் தன் கையாலேயே சல்லடையால் மாவைச் சலித்துத் தூவினாள். ஈமச்சடங்குக் கடையிலிருந்து கிராமபோன் இரவல் வந்தது. விடிவெள்ளிக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள் என்பதால் லெவி தூக்கிவந்தான்.

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. நான் பாப்டிஸ்ட்" என்று வாசலிலேயே அறிவித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான்.

"தெரியும். நடக்கிற நடையிலயே தெரியுது" என்றாள் லுடீஷா.

ஒன்பது பெஞ்சுக்கு ஒன்பது பேர் வேண்டும், வெறுங்காலோடு. மூப்பர் எண்ணிப் பார்த்தார். எட்டுப் பேர்தான் இருந்தார்கள். கடைசி பெஞ்சின் சார்பில் ஆளில்லை. கடைசி பெஞ்சில் இருப்பது ஒரே ஒரு ஆள்தான். விதி போட்டவர் அவரே. மாற்ற அவர் மனம் ஒப்பவில்லை.

"சிஸ்டர் ஓசெல்லா, நீயும் நில்லு."

ஓசெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு மாவின் ஓரத்தில் போய் நின்றாள். கூச்சமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் ஒருநாளும் இந்தப் பக்கம் நின்றதில்லை. பத்தொன்பது வயதிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவள். ஒரு கால் எப்போதும் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் கிராமபோன் கிடையாது. ரேடியோவில் பாட்டு வந்தபோதெல்லாம் இஸ்திரி மிதியில் கால் மாட்டியிருந்தது. தன் பாட்டை, காலைச் சும்மா வைத்துக்கொண்டு, அவள் கேட்டதே இல்லை.

லெவி ஊசியை இறக்கினான்.

முப்பத்தோரு வயதுப் பெண் ஒருத்தி வாசிப்பது கேட்டது. யாரிவள், இவ்வளவு அவசரம் என்று ஓசெல்லாவுக்குத் தோன்றியது. எட்டுப் பேரும் நகர ஆரம்பித்தார்கள். பழகிய கால்கள், ஒழுங்காகத் தேய்ந்து நகர்ந்தன. மாவு பனிபோல எழும்பியது. முதல் நிறுத்தம்: எல்லோரும் நின்றார்கள். இரண்டாவது: நின்றார்கள். மூப்பர் மூக்குக்கண்ணாடியோடு குனிந்து அந்த எட்டு ஜோடிக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓசெல்லாவை அவர் பார்க்கவில்லை. தாளத்தின் சொந்தக்காரியை யார் சந்தேகப்படுவார்கள்?

மூன்றாவது நிறுத்தம் வந்தது. ஒரு மூச்சு. அரை மூச்சு. அந்த அரை மூச்சில் ஏதோ ஒன்று, பன்னிரண்டு வருடமாக அவளுக்குத் தெரியாத ஒன்று, முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது. கிதார் மறுபடி பாய்ந்தபோது அது அவள் நினைத்ததைவிட ஒரு நொடி முன்பே பாய்ந்தது. இடது காலைப் பிடித்துக்கொண்டாள். வலது கால் பாட்டுக்குப் போய்விட்டது. குறுக்கே போய், அந்தப் பக்கம் ஒரு தரம் ஊன்றி, திரும்பியது.

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளை மாவில், அச்சு எடுத்ததுபோல, பெருக்கல் குறி.

பாட்டு முடிந்தது. மூப்பர் எட்டுப் பேரின் தடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மண்டியிட்டுப் பார்த்தார். எட்டும் சுத்தம். அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. தான் எழுந்து நின்று சொல்லவேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது நன்றாகத் தெரிந்தது.

சபைத் தாய் பார்த்துவிட்டாள். மூட்டில் வலியே தவிர கண்ணில் குறையில்லை. ஓசெல்லாவின் காலையும் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள். உதட்டை அசைக்காமல் பேசினாள்.

"காலால துடைச்சிடுடி. ஒரு தேய் தேய். யாரும் பாக்கலை."

ஒரு தேய்ப்புதான். பன்னிரண்டு வருடமாக அவள் சொன்னது உண்மை என்று சபை முழுவதும் கேட்கும். மூப்பர் எல்லோர் முன்னும் தலைகுனிவார். நாற்காலி ஏழடி தூரத்தில் இருந்தது. ஓசெல்லா பாதத்தைத் தூக்கினாள்; மாவில்லாத பலகையில் வைத்தாள்.

"மூப்பரே, இங்க ஒண்ணு இருக்கு."

மூப்பர் வந்து குனிந்தார். "இது யாரோட கால்?"

"என்னோடது."

கிராமபோன் சும்மா சுற்றிக் கரகரத்தது.

"அப்ப தப்புதானே, சிஸ்டர்?"

"தப்புதான். இன்னிக்கு. இப்ப. பதினொன்னே முக்காலுக்கு. என்னை மன்னிச்சிடுங்க எல்லாரும்."

"பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி பண்ணினதுக்கு?"

"அதான் எட்டுப் பேரு கால் சொல்லுதே. அது தப்பில்லை."

மூப்பர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் மாவு. எட்டுத் தடங்களின்படி பாட்டு சுத்தம். ஒன்பதாவதின்படி பாட்டுக்காரி பாவி. பாட்டு சுத்தம் என்றால் உட்காரவைத்தது அநியாயம். அவர் மன்னிப்புக் கேட்கவேண்டும். ஒரு தடம் பின்னியிருந்தாலும் என்று ஒப்பந்தம். ஆகவே அவர் கேட்கவேண்டாம், அவள் கேட்கவேண்டும். அவள் கேட்டாகிவிட்டது. இப்போது செய்த பாவத்துக்கு அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும். அங்கேயோ அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பையா, மாவு கலையறதுக்குள்ள ஏதாவது சொல்லு" என்றாள் சபைத் தாய்.

மூப்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் பிறகு பேராயராக ஆனதற்கு இந்த ஒரு தீர்ப்பே காரணம் என்று டாலிவரில் சொல்லுவார்கள்.

"சிஸ்டர் ஓசெல்லா இன்னிக்குப் பாவம் பண்ணினாங்க. அதுக்கு உண்டான தண்டனையை 1955-லிருந்தே அனுபவிச்சு முடிச்சிட்டாங்க. சபை மன்னிக்குது. நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு நாற்காலியில இருக்கணும்."

"அல்லேலூயா" என்றது சபை, கொஞ்சம் யோசித்துவிட்டு.

ஓசெல்லா போய் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள். அதன் கால் ஒன்று ஆடியது. மூப்பரின் தங்கை மகன் அதைச் சரிபண்ணாமலே ஓடியிருக்கிறான். எழுந்து மற்றவர்களோடு சேர்ந்து தரையைப் பெருக்கினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது லெவி கிராமபோனைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். பருத்திக்காட்டு ஓரமாக, நடுப்பகல் வெயில். அவள் பாதத்தில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது.

"பன்னெண்டு வருஷமா தப்பில்லைன்னே" என்றான் லெவி. "இன்னிக்கு ஒரு நிமிஷத்துல தப்புன்னுட்டே."

"பன்னெண்டு வருஷமா தப்பில்லை. இன்னிக்குத் தப்பு. இதுல உனக்கு என்ன குழப்பம்?"

"துடைச்சிருந்தா மூப்பர் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பாரு."

"கேட்டிருப்பாரு. அப்புறம் நாளைக்கு அந்த நாற்காலியில உக்காந்து நான் யாரு காலைப் பாக்கறது?"

லெவி கிராமபோனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"காலைப் பின்னினது."

ஓசெல்லா திரும்பிச் சபைப் பக்கம் பார்த்தாள். சாலையில் யாரும் இல்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். இன்னும் நாலு அடி நடந்த பிறகு, "மூப்பர்கிட்ட சொல்லிடாதே."